மூன்றாவது தடவை கூப்பிடட்டும்

1

"மழையும் குளிருமாக இருக்கிற ராத்திரியில் போர்வைக்குள் புகுந்துகொண்டு படிக்கிற மாதிரி ஒரு பேய்க்கதை எழுதி அனுப்பு. நீதான் பேய்ப் பைத்தியமாச்சே" என்று ஊரிலிருந்து நண்பர்கள் கேட்டிருந்தார்கள்.

முதலில் ஒரு தகவல். பினாங்கில் குளிர்காலம் கிடையாது. போர்வை வேண்டுமென்றால் ஏர்கானைக் கூட்டிவைத்துக்கொண்டு நாமே குளிரை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் பதிலாக மழை இருக்கிறது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மாலை நான்கு மணிக்கே வானம் அடைத்துக்கொள்ளும். கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசியில் பாலமும் மறைந்துவிட்டால், அடுத்த ஐந்து நிமிடத்தில் நம் ஜன்னலுக்கு மழை வரும். அலுவலகத்தில் நாங்கள் அதைப் பார்த்துத்தான் துணி காய்கிறதா, குடை இருக்கிறதா என்று கவலைப்பட ஆரம்பிப்போம்.

அப்படியொரு மாலைக்கான பேய்க்கதை என்னிடம் இருக்கிறது. நடந்து ஒரு வருஷம் ஆகிறது. கதவுக்கு வெளியே இருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா. உள்ளே, தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றவள் நான். திறக்கவில்லை. அவர் கால் உடைந்து படியில் கிடந்தார்.

எனக்குக் கேட்டது என்பதை அவரிடம் ஒரு வருஷமாக நான் சொல்லவில்லை. போன வாரம் அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

2

பேய்க்கதைப் பைத்தியம் எனக்கு அம்மா வழியாக வந்தது. அம்மா கடலூரில் நர்ஸ். புயல் நாட்களில் கரண்ட் போய்விடும். ஹவுசிங் போர்டு வீட்டின் முன்னறையில் மெழுகுவத்தியை டம்ளருக்குள் நிறுத்திவிட்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே அம்மா கதை சொல்வார். குரலைத் தாழ்த்துவது, கண்ணை உருட்டுவது எதுவும் கிடையாது. ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் வார்டை ஒப்படைக்கிற அதே குரல்தான். அம்மாவின் பேய்களும் வேளை தவறாதவை. கடைசிக் கட்டிலில் இறந்துபோன ஒருவர் தினமும் விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்பார். விவரம் தெரியாத புது நர்ஸ் ஒருத்தி டம்ளரில் ஊற்றிக் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். காலையில் டம்ளர் காலி. "மூடி போட்டு வெச்சிருந்தா. மூடி அப்படியே இருந்துச்சு" என்று முடித்துவிட்டு, அடுத்த வெங்காயத்தை எடுப்பார். எனக்கு அந்த மூடிதான் பயம்.

அந்தக் கதைகளில் ஒரு விதி உண்டு. இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே 'ஏன்' என்று கேட்கக் கூடாது. "ஆவிக்கு ரெண்டு தடவைதான் கூப்பிட அனுமதி. மனுஷன்னா மூணாவது தடவையும் கூப்பிடுவான். அதுவரைக்கும் வாயைத் தெறக்காதே."

இந்த விதியைக் கேட்காத பிள்ளை நம் ஊரில் யாரும் இருக்க முடியாது. எனக்கு வயது முப்பது. திருச்சியில் பொறியியல் படித்தவள். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மின்னணுப் பலகைகளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு நான்தான் வகுப்பெடுக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை.

3

நாங்கள் இங்கே வந்து நான்கு வருஷம். கணவர் செந்திலுக்குக் குளிமில் வேலை. தினமும் பாலம் தாண்டிப் போய்வருகிறார். மகள் மகிழுக்கு ஆறு வயது. ஜெலுத்தோங்கில் லிப்ட் இல்லாத ஒரு பழைய நான்கு மாடிக் கட்டடத்தில், மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். இங்கே எல்லா வீட்டுக்கும் மரக்கதவுக்கு வெளியே ஓர் இரும்புக் கிரில் இருக்கும். பகலில் மரக்கதவைத் திறந்துபோட்டு, கிரிலை மட்டும் பூட்டிவைப்பார்கள். காற்று வரும், பேச்சு வரும், ஆள் வர முடியாது.

இங்கே இருப்பதைத் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை பாஸ், அதற்குப் புதுப்பிப்பு, அதற்குப் போட்டோ, அந்தப் போட்டோவின் பின்புலம் நீலமா வெள்ளையா என்று ஒரு சந்தேகம். ஆவிக்கு இரண்டு தடவை கூப்பிட அனுமதி, எங்களுக்கு இரண்டு வருஷம் தங்க அனுமதி என்று செந்திலிடம் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார். வரிசையில் நிற்கிறவர் அவர்தான்.

மகிழுக்கு இந்தக் கவலை எதுவும் கிடையாது. அவள் இந்த ஊர்க்காரி ஆகிவிட்டாள். பாலர் பள்ளியில் ஆங்கிலமும் சீனமும், விளையாடுகிற இடத்தில் மலாய். நான் தமிழில் கேட்டால் பதில் வேறு ஏதாவது ஒன்றில் வரும். பாட்டு, பழைய ராஜா கதை எதற்கும் மசியவில்லை. ஒரு மழை நாளில் போகிற போக்கில் கடைசிக் கட்டில் கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "மூடி ஓப்பன் பண்ணவே இல்லையா?" என்றாள். அன்றிலிருந்து மழை வந்தால் எங்கள் வீட்டில் தமிழ் உண்டு. "அம்மா, ரெய்ன் வந்துருச்சு, பேய்" என்று அவளே விளக்கை அணைப்பாள்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்று. பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். தினமும் ஃபெரி ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து மாக் மண்டினில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். போத்தல் மூடிகளை விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்து, குறை உள்ளதைத் தள்ளுகிற வேலை. நின்றுகொண்டே எட்டு மணி நேரம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நல்லா செக் பண்ணித்தான் பார்த்தேன் லா. எல்லாம் ரிஜெக்ட்" என்றார். இந்த ஊர்ப் பேச்சில் வாக்கியத்துக்கு ஒரு 'லா' உண்டு.

நான் பேய்க்கதை சேர்க்கிறவள் என்று தெரிந்ததும் உள்ளூர்ச் சரக்கை அவர்தான் எடுத்துக்கொடுத்தார். பொந்தியானாக் என்பது இந்தப் பக்கத்தில் பிரசவத்தில் இறந்த பெண்ணின் ஆவி. பூ வாசனையோடு வரும், குழந்தை அழுகிற மாதிரி சத்தம் கேட்கும்.

"சத்தம் பெருசா கேட்டா பயப்படாத, அது தூரத்துல இருக்கு. மெதுவா கேட்டாதான் டேஞ்சர். பக்கத்துல வந்துருச்சுன்னு அர்த்தம். கையில உள்ள சாமான போட்டுட்டு ஓடு."

"தலைகீழா இருக்கே அக்கா?"

"உங்க இந்தியாப் பேய்க்கு மட்டும் தான் ரூல் இருக்கா? எங்க பேய்க்கும் இருக்கு லா."

இரண்டு ஊர் விதிகளும் என் தலைக்குள் ஒன்றாகக் குடியேறியது இப்படித்தான்.

4

போன வருஷம் தீபாவளி முடிந்து இரண்டாவது வாரம். ஆறரை மணி இருக்கும். செந்தில் பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். காற்றும் இடியுமாக மழை. நடைபாதையில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்ததால் மரக்கதவையும் சாத்தியிருந்தேன். திடீரென்று கட்டடம் முழுக்கக் கரண்ட் போனது. மகிழ் பயப்படவில்லை, கை தட்டினாள். சோபாவில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, டார்ச்சைக் கூரையைப் பார்த்து நிறுத்திவிட்டு ஆரம்பித்தேன். அன்றைக்குச் சொன்னது பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆவியின் கதை. விதியையும் சொன்னேன். இரண்டு தடவை என்றால் ஆவி, மூன்று தடவை என்றால் மனுஷன். நன்றாகச் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது படிப் பக்கமிருந்து கேட்டது.

"திவ்யா!"

"அம்மா, ஸ்டெல்லா ஆண்டி" என்றாள் மகிழ்.

எழுந்து கதவருகே போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இந்த இடத்தை மட்டும் நான் கவனமாக எழுத வேண்டும். அந்த முதல் நிமிடத்தில் எனக்குப் பயம் இல்லை. இருந்தது சந்தோஷம். நாடகத்தில் சொல்லிவைத்த மாதிரி, கதைக்குப் பொருத்தமாக ஒரு குரல் வந்துவிட்டதே என்ற சந்தோஷம். அந்த வாரம் ஸ்டெல்லா அக்காவுக்கு மாலை ஷிப்ட்; வீடு திரும்பப் பத்தரை மணி ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அது அவராக இருக்க முடியாது, மாடியில் வேறு யாரோ, அவசரமில்லாத எதற்கோ கூப்பிடுகிறார்கள். திரும்பி, உதட்டில் விரல் வைத்து மகிழிடம் சொன்னேன்:

"ஷ்ஷ்... இரு. மூணாவது தடவை கூப்பிடட்டும்."

அவள் கண்கள் விரிந்தன. நல்ல கதைசொல்லி என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது தடவை கேட்டது. "திவ்யா." அதே குரல். ஆனால் சன்னமாக. கிரில் கம்பிகளில் வாய் வைத்துச் சொன்னது போல.

சன்னமாகக் கேட்டால் பக்கத்தில் என்று அர்த்தம்.

விளையாட்டு அதோடு நின்றுவிட்டது. என் பிடரி குளிர்ந்தது உண்மை. படித்தவள், அளக்கிறவள் எல்லாம் எங்கே போனாள் என்று தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அரையடி தூரத்தில் ஏதோ நிற்கிறது என்று உடம்பு முடிவு செய்துவிட்டது. மூன்றாவது தடவைக்காகக் காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும்தான். வரவில்லை.

தாழ்ப்பாளின் மேல் இன்னொரு கொக்கியையும் மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"பேயா அம்மா?"

"ஆமா. போயிடுச்சு."

மீதிக் கதையையும் சொல்லி முடித்தேன்.

ஏறக்குறைய நாற்பது நிமிடம் கழித்து, மேல்மாடிச் சீனப் பெரியவர் கையில் டார்ச்சோடு இறங்கி வந்தவர், "தோலோங்! தோலோங்!" என்று உதவி கேட்டுக் கத்தினார். அவர் மூன்று தடவை என்ன, முப்பது தடவை கத்தியிருப்பார். ஓடினேன். எங்கள் மாடிக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தில் ஸ்டெல்லா அக்கா சுவரில் சாய்ந்து கிடந்தார். தொழிற்சாலைச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. புயலால் ஷிப்டைப் பாதியில் முடித்து அனுப்பிவிட்டார்களாம். இருட்டில், ஈரப் படியில் கால் வழுக்கிவிட்டது; போன் கைக்கு எட்டாமல் கீழ்ப்படியில் கிடந்தது. வலது பாதம் திரும்பியிருக்கக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "அலாமாக்... ஐயோ, பிள்ளைய தனியா விட்டுட்டா வந்த?"

5

ஆஸ்பத்திரியில் தகடு வைத்து ஸ்குரூ போட்டார்கள். டாக்டரிடம் ஒதுக்குப்புறமாகக் கேட்டேன்: நாற்பது நிமிடம் தாமதம் ஆனதில் ஏதாவது கெட்டுப்போனதா? "எலும்புக்கு ஒன்றும் இல்லை. அவ்வளவு நேரம் வலித்திருக்கும், அவ்வளவுதான்" என்றார்.

கட்டிலில் படுத்துக்கொண்டு அக்கா சொன்னார்: "உன்னைக் கூப்பிட்டேன் திவ்யா. அந்த இடியில உனக்கு எங்க கேக்கப்போவுது."

"கேக்கல அக்கா" என்றேன்.

இரண்டு சொல். அந்த நேரத்தில் அதுதான் அவருக்கும் ஆறுதல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டு, "நீ சொன்ன ரூல்தானேம்மா" என்று, பழியில் பாதியை அவர் பக்கம் தள்ளப் பார்த்தேன்.

"அது கதைடி. உங்களைத் தூங்க வைக்கச் சொன்னது."

"நீ வார்டுல என்ன பண்ணுவே?"

"மொதத் தடவையே போய் நிப்பேன். ரெண்டாவது தடவை கூப்பிடப் பாதிப் பேருக்குத் தெம்பு இருக்காது. மூணாவது தடவை கூப்பிட்ட பேஷண்ட்ட நான் என் சர்வீஸ்ல பாத்ததே இல்ல."

வெங்காயம் உரிக்கிற அதே குரல். சின்ன வயதிலிருந்து நான் கேட்ட பேய்க்கதைகளில் என்னை மிகவும் நடுங்கவைத்தது இதுதான்.

நான்கு மாதத்தில் அக்கா தடியை ஊன்றி நடந்தார். ஆனால் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. வேலையை விட்டார். இருபத்தாறு வருஷம் பார்த்த வேலை. "இப்ப நானே ரிஜெக்ட்" என்று சிரித்தார். பிறகு, மகிழைப் பள்ளி விட்டதும் தான் பார்த்துக்கொள்வதாக அவரே சொன்னார். அதுவரை பிள்ளையை விட்டுவைக்க நம்பிக்கையான இடம் கிடைக்காமல் நாங்கள் திண்டாடிக்கொண்டிருந்தோம். அவருடைய கால் உடைந்ததில் எங்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்று தீர்ந்தது. இதை நான் பல தடவை எழுதி அழித்திருக்கிறேன். இந்தத் தடவை அழிக்கவில்லை.

நான் அவருக்குச் செய்யாத வேலை இல்லை. பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் அவர் பை முதலில் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குக் காரில் கொண்டுபோய் விடுவேன், திரும்பக் கூட்டிவருவேன். மாடியில் எல்லோரிடமும் "இந்தியாவுலேருந்து எனக்கு ஒரு தங்கச்சி வந்து சேந்துச்சு" என்று சொல்வார். ஒவ்வொரு தடவையும் எனக்குக் காது சுடும். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். "சொல்லி இப்ப அவங்க கால் சரியாகவா போகுது?" என்பார் செந்தில். அது நல்ல காரணமாகத் தெரிந்தது. எனக்கு அப்போது எந்தக் காரணமும் நல்ல காரணமாகத் தெரியும்.

6

போன வாரம் மகிழின் முதல் வகுப்புச் சேர்க்கைக்குப் படிவம் வந்தது. பதினொரு பக்கம். அதில் ஒரு கட்டம்: பெற்றோர் அல்லாத, பக்கத்தில் வசிக்கிற, அவசரத்தில் கூப்பிட வேண்டிய ஒருவரின் பெயரும் கையெழுத்தும். அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றதையெல்லாம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன். எழுத எனக்கு வேறு பெயர் இல்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது, சொன்ன பிறகும் அவர் சம்மதித்தால் கையெழுத்து வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மழை. மாடி ஏறும்போதே மகிழின் குரல் கேட்டது. ஸ்டெல்லா அக்கா வீட்டு மரக்கதவு திறந்திருந்தது. கிரிலுக்கு அந்தப் பக்கம் அக்கா நாற்காலியில், இவள் தரையில். முகத்துக்குக் கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில். என் மகள் தானாக முன்வந்து தமிழில் ஒரு முழுக் கதை சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை.

"...தென் அம்மா சொன்னாங்க, ஷ்ஷ், மூணாவது தடவை கூப்பிடட்டும். ஸ்டெல்லா ஆண்டி வாய்ஸ் மாதிரியே இருந்துச்சு. பட் அது பேய். ரெண்டு டைம் தான் கூப்பிட்டுச்சு. அம்மா லாக் பண்ணிட்டாங்க. பேய் போயிடுச்சு. ஹாபிஸ்!"

முடிந்தது என்று இரு கைகளையும் விரித்துக் காட்டினாள். அக்கா கைதட்டப் போனவர் நிறுத்தினார்.

"இது எப்ப நடந்துச்சு மகி?"

"அன்னைக்குத்தான். ஆண்டி கால் ப்ரேக் ஆன டே."

அவளுக்கு இரண்டும் வேறு வேறு சம்பவம். ஒன்று பேய் வந்தது, இன்னொன்று ஆண்டி விழுந்தது. அக்கா தலையைத் தூக்கினார். கிரிலுக்கு வெளியே நான் நிற்பது தெரிந்தது.

"உனக்குக் கேட்டுச்சா திவ்யா?"

"கேட்டுச்சு அக்கா."

தடியை ஊன்றி எழுந்தார். மகிழின் பையை எடுத்து மாட்டிவிட்டார், தண்ணீர்ப் போத்தலை அதன் ஓரத்தில் செருகினார், பூட்டைத் திறந்தார். "மழையில நனையாம போங்க" என்றார். எதிர்வீட்டுக்கு நான்கு எட்டு. காற்றில்லாத மழை; நனைய வழியே இல்லை.

மறுநாள் காலை அவர் மரக்கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். உள்ளே தடி ஊன்றும் சத்தம் கேட்டது, கதவு வரைக்கும் வந்து நின்றது, திரும்பிப் போனது. நான் லீவு போட்டேன். அதற்கு மறுநாள் செந்தில் லீவு போட்டார். "ஆண்டி ஏன் ஓப்பன் பண்ணல? நான் மூணு தடவை கூப்பிட்டேனே" என்றாள் மகிழ்.

7

சனிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் கிரில் ஆடியது. ஸ்டெல்லா அக்கா. உள்ளே வந்தார், உட்காரவில்லை. மூடிகளை விளக்கில் காட்டிப் பார்க்கிறவரின் முகம்.

"ஒழுங்கா பதில் சொல்லு. எத்தனை தடவை கேட்டுச்சு?"

"ரெண்டு தடவை அக்கா."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மறக்க முடியல."

"எப்படிக் கேட்டுச்சு?"

"மொதத் தடவை சத்தமா. ரெண்டாவது தடவை மெதுவா. கிரில்கிட்ட நின்னு கூப்பிட்ட மாதிரி. அதான் அக்கா நான்..."

"மெதுவா."

"ஆமா."

"மகி, உனக்கு?"

"டூ டைம்ஸ் ஆண்டி. ஃபர்ஸ்ட் லவுட். செகண்ட் ஸ்மால்."

அக்கா இப்போதுதான் உட்கார்ந்தார். தடியை முழங்காலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"மூணு நாளா அதைத்தான் யோசிச்சிக்கிட்டிருந்தேன். நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன் திவ்யா. விழுந்த உடனே. அதுக்கப்புறம் மூச்சே வரல. மாதாவே மாதாவேன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டுத்தான் கிடந்தேன். உன் பேரை இன்னொரு தடவை நான் சொல்லவே இல்ல."

மழை பெய்துகொண்டிருந்தது. பட்டப்பகலில், விளக்கெல்லாம் எரிகிற வீட்டில், எனக்கு மறுபடியும் பிடரி குளிர்ந்தது.

"அப்போ அது..."

"யாருன்னு எனக்கு எப்படித் தெரியும் லா? யாரோ ஒருத்தங்க. என்னால முடியலன்னு, எனக்காக உன் வாசல் வரைக்கும் வந்து, என் குரல்லயே உன்னைக் கூப்பிட்டிருக்காங்க." என்னை நேராகப் பார்த்தார். "அவங்களுக்கும் நீ கதவத் தொறக்கல."

மன்னித்துவிடுங்கள் என்றேன். கேட்கவில்லை என்று பொய் சொன்னதற்கும் சேர்த்து. முதல் நிமிடத்தில் எனக்குப் பயமில்லை, விளையாட்டாகத்தான் நின்றேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாவிட்டால் பாதிதான் சொன்னதாகும். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது, துடைக்கவில்லை.

"நாப்பது நிமிஷம், திவ்யா."

"ஆமா அக்கா."

"எண்ணிக்கிட்டே கிடந்தேன். மூடி எண்ணுற மாதிரி."

அதுவரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த செந்தில்தான், மாடிப்படியில் சுவர் மூன்று பக்கமும் இருக்கிறது, எதிரொலியாக இருக்கலாம், இரண்டாவதாகக் கேட்டது அதுவாகத்தான் இருக்கும் என்றார். அக்கா புருவத்தைத் தூக்கினார்.

"அவ்ளோ லேட்டாவா எக்கோ வரும்?"

"மழைல சில நேரம்..."

"சும்மா வாயால சொல்லாதீங்க தம்பி. செக் பண்ணுவோம். திவ்யா, உன் வேலையும் இதானே? வா."

விழுந்த இடத்துக்கு அவர் அன்றுதான் தானாகப் போய் உட்கார்ந்தார். படி திரும்புகிற இடத்தில், சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு. மகிழ் பக்கத்தில். நான் வீட்டுக்குள் போய் அன்று போலவே மரக்கதவைச் சாத்தி, கிரிலைப் பூட்டி, தாழ்ப்பாளில் கை வைத்து நிற்க வேண்டும். அவர் ஒரே ஒரு தடவை கூப்பிடுவார். இரண்டாவதாக ஏதாவது கேட்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். வெளியே அன்று போலவே மழை. நல்ல சோதனைதான். நானே அமைத்திருந்தாலும் இப்படித்தான் அமைத்திருப்பேன்.

போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"திவ்யா!"

அடுத்து எனக்குத் தெரிந்தது, அவர் முன்னால் நான் நின்றுகொண்டிருந்ததுதான். செருப்பு இல்லை. கிரில் பூட்டை எப்போது திறந்தேன் என்று தெரியவில்லை. சாவிக்கொத்து கையில் இருந்தது.

"என்னா லா? ரெண்டாவது கேட்டுச்சா?"

"தெரியல அக்கா. வந்துட்டேன்."

"நின்னு கேக்கணும்! அதுக்குத்தானே டெஸ்ட்டு."

"அம்மா சீட்டிங்!" என்றாள் மகிழ்.

திரும்பப் போனேன். இந்தத் தடவை தாழ்ப்பாளைத் தொடவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் கூப்பிட்டார். மறுபடியும் படியில் நின்றேன், இந்த முறை முழங்காலை எங்கோ இடித்துக்கொண்டு. மூன்றாவது தடவை செந்தில் என் தோளைப் பிடித்துக்கொள்வதாகச் சொன்னார். பிடித்தும் கொண்டார். அவரையும் இழுத்துக்கொண்டு போய் நின்றேன்.

ஸ்டெல்லா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரில் தலை சாய்த்து, நீட்டிய கால் குலுங்கச் சிரித்தார்.

"போதும் லா, போதும். உன்ன வெச்சு ஒரு டெஸ்ட்டும் பண்ண முடியாது."

கையை நீட்டினார். தூக்கிவிட்டேன். மேலே வந்ததும் அந்தப் பள்ளிப் படிவத்தை எடுத்து நீட்டினேன்; கையெழுத்துப் போட்டார். அந்தப் படிக்கு எதிரொலி உண்டா இல்லையா என்பது இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.